வெள்ளி கலந்த வடிகட்டிப் பானை: சூளையில் முடிவாகும் பாதுகாப்பு

புது தில்லி: குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லி கிராமுக்கு மேல் வெள்ளி இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டு தரவிதி. கிருமிகளை அழிக்க வெள்ளி சேர்க்கப்படும் மண் வடிகட்டிகள் இந்த வரம்புக்குள் நிற்குமா என்பது பெரிதும் சூளையிலேயே முடிவாகிறது.

களிமண்ணுடன் மரத்தூள் கலந்து சுடும் இத்தகைய பானை 1981-ல் குவாத்தமாலாவில் உருவானது. மரத்தூள் எரிந்த இடத்தில் எஞ்சும் நுண்துளைகள் நீரை வடிக்கின்றன.

சுட்ட பானை மீது வெள்ளி நைட்ரேட் கரைசலைப் பூசினால், தொடக்கத்திலேயே வெள்ளி பெருமளவு நீரில் கரைந்து வெளியேறும். பச்சை மண்ணில் கலந்து சுட்டால், சுமார் 440 டிகிரி செல்சியஸில் அது சிதைந்து, உலோக வெள்ளியின் நுண்துகள்களாக மண்ணில் தங்குகிறது. அவை வெள்ளி அயனிகளைச் சிறிது சிறிதாகவே நீரில் விடுகின்றன. வெப்பம் 962 டிகிரியை எட்டினால் வெள்ளி உருகித் திரளும், பயனும் குறையக்கூடும். சிதைவில் எழும் நைட்ரஜன் டை ஆக்சைடு நச்சு வாயு என்பதால், சூளைத் தொழிலாளர்களின் பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது.

வீடுதோறும் குழாய்நீர் என்ற ஜல் ஜீவன் திட்டம் 2019-ல் அறிவிக்கப்பட்டது. குழாய் எட்டாத வீடுகளுக்கு இப்பானைகள் கைகொடுக்கும். எனினும், வெள்ளி கலந்தது என்ற விளம்பரத்தை நம்பி வாங்க இயலாது. வடியும் நீரில் எவ்வளவு வெள்ளி உள்ளது என்ற பரிசோதனைச் சான்றை அரசு கட்டாயமாக்குவதே முறை.