பை திரும்பிப் போகிறதா?

இனிப்புக் கடையிலோ செருப்புக் கடையிலோ கொடுத்த, துணிபோலத் தெரியும் ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசை தப்பாமல் அமுங்கியிருக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவ முயன்றால் வராது. பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. பக்கவாட்டில் தையலைத் தேடினால் அதுவும் இருக்காது. அங்கேயும் அழுத்தக் கோடுகள்தான். ஒரு சிறு துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தியாக இருந்தால் எரிந்து சாம்பலாகும். இது சுருங்கும், உருகும், சொட்டும். காரணம், இது பாலிபுரொப்பிலீன். வாசலில் போட்டு உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி பெரும்பாலும் எந்தப் பொருளில் ஆனதோ, அதே பொருள்.

ஆலைக்கு இது வெள்ளைக் குருணையாக மூட்டைகளில் வருகிறது. 230 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி உருக்கி, இடியாப்பக் குழலில் மாவைப் பிழிவதுபோல, நுண்ணிய துளைகள் கொண்ட தகட்டின் வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். வெளியே வரும் இழைகளைக் குளிர்ந்த காற்று இழுத்து, தலைமுடியைவிட மெல்லியதாக்குகிறது. அவை ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டின் மேல் தாறுமாறாக விழுந்து ஒரு விரிப்பாகப் படிகின்றன. அந்த விரிப்பு இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே போகிறது. ஓர் உருளையில் மேடுமேடாகப் புள்ளிகள் இருக்கும். அவை அழுத்தும் இடத்தில் மட்டும் இழைகள் உருகி ஒட்டிக்கொள்கின்றன. நம் கையிலிருக்கும் பையில் தெரியும் புள்ளிகள் இப்படி வந்தவை. பிறகு வெட்டி, விநாடிக்கு சுமார் 20,000 முறை அதிரும் கருவியால் ஓரங்களை இணைக்கிறார்கள். அதிர்வில் பிறக்கும் சூட்டில் விளிம்புகள் உருகி ஒன்றாகிவிடும். நூற்பு இல்லை, தறி இல்லை, தையல்காரர் இல்லை. விலை அவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் இந்தப் பையும் உண்டு. ஆனாலும் அது புழக்கத்தை விட்டுப் போகவில்லை. துணி என்று நம்பியே பலரும் வாங்குகிறார்கள். வெயிலில் சில மாதம் கிடந்தால் புற ஊதாக் கதிர் பட்டுப் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடி மண்ணோடு கலந்துவிட்டால் பொறுக்கி எடுக்க வழியே இல்லை.

அதற்காக, இந்தப் பையை வில்லனாக்கிப் பருத்திப் பையைக் கடவுளாக்கிவிட்டால் விஷயம் முடிந்துவிடாது. எந்தப் பையானாலும் அதைச் செய்வதற்கு ஒரு விலையை உலகம் கொடுத்தாகிவிட்டது. அந்த விலை ஈடாவது, பை எத்தனை முறை கடைக்குத் திரும்பிப் போகிறது என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணாகவே சொன்னது. ஒரே முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் ஈடுகட்ட, காகிதப் பையை 3 முறையும், மேலே சொன்ன புள்ளிப் பையை 11 முறையும், பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும்.

2018இல் டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரிய எண் ஒன்றைச் சொல்லிப் பரபரப்பாக்கியது: பருத்திப் பையை 7,100 முறை பயன்படுத்த வேண்டும் என்பது. வாரம் ஒரு முறை சந்தைக்குப் போகிறவர் என்றால் 136 ஆண்டுகள்! இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு துணிப்பையே வீண் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியான வாசிப்பு இல்லை. பல வகைப் பாதிப்புகளைத் தனித்தனியே அளந்து, அவற்றில் மிக மோசமானதை, அதாவது ஓசோன் படலத்துக்கு ஏற்படும் பாதிப்பை, வைத்துச் சொன்ன எண் அது. பருவநிலை மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே ஆய்வில் 52 முறை போதும். வாரச் சந்தைக்கு ஓராண்டு எடுத்துப்போனால் கணக்குத் தீர்ந்தது. தெருவில் சிதறும் குப்பையை அந்த ஆய்வு கணக்கிலேயே சேர்க்கவில்லை. டென்மார்க்கில் குப்பை எரிஉலைக்குப் போய் மின்சாரமும் வெப்பமும் ஆகிறது. நம் ஊரில் அது மழைநீர் வடிகாலுக்குப் போகிறது, மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. மெல்லிய பிளாஸ்டிக் பைகளை உலகில் முதன்முதலில் 2002இல் தடை செய்த நாடு வங்கதேசம். வெள்ள நாட்களில் டாக்காவின் வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டதைப் பார்த்து எடுத்த முடிவு அது. டென்மார்க்கின் தராசில் இந்த எடை ஏறவே இல்லை.

ஆக, திரும்பிப் போக வேண்டும். கடைக்கு நாமே நடந்து போன காலத்தில் இது பழக்கத்தைப் பொறுத்த விஷயமாக இருந்தது. கடை வீட்டுக்கு வரத் தொடங்கியதும் சிக்கல் வேறாகிவிட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்ததை நம் நகராட்சிகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

2022 மே 4 முதல் அந்த மாநிலத்தில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. பெரிய மளிகைக் கடைகளில் காகிதப் பைக்கும் தடை; அமெரிக்காவின் மிகக் கடுமையான பைச் சட்டங்களில் ஒன்று என்று பேசப்பட்டது. கடைக்குப் போகிறவர்கள் சில வாரங்களில் பழகிவிட்டார்கள். ஆனால், இணையத்தில் ஆர்டர் போடுகிறவர் தன் பையைக் கடைக்கு எப்படி அனுப்புவார்? கடைக்காரர்கள் ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாகக் கனமான மறுபயன்பாட்டுப் பைகளைப் போட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரம் மறுபடியும் புதுப் பைகள். சில மாதங்களில் வீடுகளின் அலமாரிகளிலும் கார் நிறுத்தும் அறைகளிலும் பைகள் மலையாகக் குவிந்தன. தூக்கி எறிய மனம் வராமல், உணவு வங்கிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டெலிவரிக்கு மட்டும் காகிதப் பையையும் அட்டைப்பெட்டியையும் அனுமதிக்கலாமா என்று சட்டமன்றத்தில் பேச்சு எழுந்தது. பிளாஸ்டிக்கை ஒழிக்க வந்த சட்டம், பல மடங்கு தடிமனான பிளாஸ்டிக்கை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சட்டம் பொருளைப் பார்த்தது, பை திரும்பிப் போகும் பாதையைப் பார்க்கவில்லை.

பிரிட்டனிலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 2015இல் இங்கிலாந்தில் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்ததும் மெல்லிய பைகளின் விற்பனை சரிந்தது. ஆனால், 'ஆயுளுக்கும் ஒரு பை' என்ற பெயரில் விற்கும் தடித்த பைகளைப் பெரிய கடைகள் ஓராண்டில் 150 கோடி விற்றதாக 2019இல் கிரீன்பீஸ் அமைப்பு கணக்குக் காட்டியது. வீட்டுக்கு 54. ஓர் ஆயுளுக்கு ஒன்று என்று விற்ற பையை மக்கள் வாரத்துக்கு ஒன்று வாங்கினார்கள்!

இந்த வரலாற்றின் தொடக்கம்தான் மனதை உறுத்துகிறது. இன்று நாம் பழிக்கும் கைப்பிடி வைத்த மெல்லிய பையை உருவாக்கியவர் ஸ்வீடனின் ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற பொறியாளர். அவருடைய செல்லோபிளாஸ்ட் நிறுவனத்துக்கு 1965இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்து, உறுதியான, திரும்பத் திரும்பப் பயன்படும் பை ஒன்று வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார் என்று அவருடைய மகன் பின்னாளில் சொன்னார். துலின் எப்போதும் ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பாராம். அவருடைய கண்டுபிடிப்பு வேலை செய்தது. அவருடைய பழக்கம்தான் யாரிடமும் தொற்றவில்லை.

வீட்டு டெலிவரியும் திரும்பிப் போகும் பையும் சேர்ந்திருக்கவே முடியாதா? முடியும் என்பதற்கு அத்தாட்சி நம் தெருவிலேயே தொங்குகிறது. சென்னையிலோ மதுரையிலோ விடியற்காலையில் நடந்தால், கேட் கம்பியில் மாட்டிய பால் பையைப் பார்க்கலாம். இரவு படுக்கப் போகும் முன் வீட்டுக்காரர் மாட்டிவைக்கிறார். பால் போடுகிறவர் பாக்கெட்டைப் போட்டுவிட்டு நிற்காமல் போகிறார். பாக்கெட்டுகள் அதுவரை பயணம் செய்து வந்த பிளாஸ்டிக் டப்பும் காலியானதும் பால் பண்ணைக்குத் திரும்பிப் போகிறது. மாடி வீட்டுக்காரர்கள் கயிற்றில் கூடை கட்டி இறக்கிக் காய் வாங்குவதும் இதே ஏற்பாடுதான். பொருள் வாங்குகிறவருடையது பை, அது வீட்டை விட்டு நகர்வதே இல்லை. சரக்கைக் கொண்டுவரும் பெட்டி விற்கிறவருடையது, அது அவரிடமே போய்ச் சேர்கிறது.

பொருளைவிடப் புழக்கம்தான் பெரிது என்பதற்கு ஒயர் கூடையைவிட நல்ல சாட்சி இல்லை. அது முழுக்கப் பிளாஸ்டிக். ஆனால் சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுக்கு முடிச்சு இழுத்து இறுக்கிப் பின்னிய கூடை, ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து வருடம் ஓடும். பசையும் இல்லை, தையலும் இல்லை. கைப்பிடி அறுந்தால் கைப்பிடிக்கு மட்டும் புது ஒயர் வாங்கிப் போடலாம். மீன் வாங்கி வந்தாலும் குழாயடியில் காட்டினால் சுத்தமாகிவிடும். இதைப் பின்னும் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, பையைப் பற்றி எழுதும் எவரும் இன்னும் உரிய மரியாதை கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

2021 டிசம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை நான் மனதார வரவேற்கிறேன். கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தை வைத்தது நல்ல யோசனை. பையை மறந்து வந்தவருக்கு அது கைகொடுக்கிறது. ஆனால், ஒவ்வொரு முறையும் மறந்து வந்து ஒவ்வொரு முறையும் 10 ரூபாய் போட்டால், பருத்தி பயிரிட்ட தண்ணீரும் சாயமிட்ட தண்ணீரும் வீண். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த பைகளே நம் வீடுகளில் போதுமான அளவு இருக்கின்றன.

பத்து நிமிட டெலிவரி நிறுவனங்கள் இப்போது காகிதப் பையில் அனுப்புகின்றன. தயிர் பாக்கெட்டின் ஈரம் பட்டாலே அடி பிய்ந்துபோகும் பையை மூன்று முறை எங்கே பயன்படுத்துவது? பிரிட்டனில் ஒக்காடோ என்ற மளிகை நிறுவனத்தின் டெலிவரி ஓட்டுநர்கள், வாசலில் பழைய பைகளைத் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றுக்கும் சிறு தொகையைக் கணக்கில் வரவு வைக்கும் முறையைப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். இங்கேயும் செய்யலாம். செயலியில் 'பை வேண்டாம், வாசலில் என் கூடை இருக்கிறது' என்று ஒரு பொத்தான் வைப்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. டெலிவரி செய்யும் பிள்ளைகளை நிமிடக் கணக்கில் விரட்டாமல், பெட்டியைக் காலி செய்து திரும்ப எடுத்துப்போகும் நேரத்தை மட்டும் நிறுவனங்கள் கொடுக்க வேண்டும்.

அந்தப் பொத்தான் வரும் வரை வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. தினம் நான்கு ஆர்டர் போடுவதை வாரம் ஒன்றாகச் சேர்த்துப் போடுங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இரண்டு துணிப்பைகளை நிரந்தரமாக வைத்திருங்கள். மீனுக்கும் கறிக்கும் தனிப் பை வையுங்கள், மற்றதை வாரம் ஒரு முறை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் சேர்ந்து கிடக்கும் நல்ல பைகளைத் தெருமுனைக் காய்கறிக் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள், பை கொண்டுவராத அடுத்த வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் கொடுப்பார். புதிதாக எந்தப் பையையும் வாங்காதீர்கள், துணிப்பையாக இருந்தாலும்.