மூன்றாவது குவார்ட்டர்பேக்கின் மதிப்பு

2014 டிசம்பர் 6. இண்டியானாபொலிஸ் நகரில் பிக் டென் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதிப் போட்டி. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் முதல் குவார்ட்டர்பேக் பிரேக்ஸ்டன் மில்லர் ஆகஸ்டிலேயே தோளில் அடிபட்டு, அந்த ஆண்டு முழுவதும் ஆட முடியாமல் போனார். அவர் இடத்துக்கு வந்து கலக்கிய ஜே.டி. பாரெட்டும் ஒரு வாரத்துக்கு முன்பு மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து வெளியேறினார். மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸ் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே களமிறங்கியது அன்றுதான் முதல்முறை. விஸ்கான்சின் அணியை ஒஹாயோ ஸ்டேட் 59-0 என்று வீழ்த்தியது. பிளேஆஃபுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்த அணி மறுநாள் நான்காம் இடத்துக்கு ஏறி, தேசியப் பட்டத்துக்காக நான்கே அணிகள் மோதும் அந்த பிளேஆஃபுக்குள் நுழைந்தது.

2023 டிசம்பர் 2. சார்லட் நகரில் ஏ.சி.சி. கான்ஃபரன்ஸின் இறுதிப் போட்டி. ஃபுளோரிடா ஸ்டேட் அணியின் முதல் குவார்ட்டர்பேக் ஜார்டன் ட்ராவிஸ் இரண்டு வாரங்களுக்கு முன்பு கால் முறிந்து படுத்துவிட்டார். இரண்டாமவர் டேட் ரோட்மேக்கர் தலையில் அடிபட்டிருந்ததால் ஆட முடியவில்லை. கல்லூரிக்கு வந்து முதல் ஆண்டே ஆன பிராக் க்ளென் மூன்றாமவராக இறங்கினார். லூயிவில்லை 16-6 என்று வென்ற அந்த அணி, அதுவரை ஆடிய 13 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. மறுநாள் நான்காம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு இறக்கப்பட்டது. பிளேஆஃப் வாய்ப்பு பறிபோனது.

இரண்டு அணிகளுக்கும் வந்த சோதனை ஒன்றுதான். முடிவுதான் நேர் எதிர். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் ஆண்டு முழுவதும் "நம்மிடம் எத்தனை குவார்ட்டர்பேக் இருக்கிறார்கள், அடுத்து யாரை எடுக்கப் போகிறோம்" என்று ஏன் ஓயாமல் வாதிடுகிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு டிசம்பர்களே பதில் சொல்லும்.

ஒரே ஒருவருக்கான இடம்

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு அணியின் 11 பேர் களத்தில் நிற்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். அநேகமாக எல்லா முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. தூக்கி எறிவதா, பக்கத்தில் ஓடிவருபவரிடம் கொடுப்பதா, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்பதை எதிரணி மேலே பாய்வதற்குள், சில நொடிகளில் அவர் தீர்மானித்துச் செய்து முடித்தாக வேண்டும்.

மற்ற இடங்களில் ஆளை மாற்றி மாற்றி இறக்கலாம். பந்தோடு ஓடுபவர்களும் தடுப்பு வரிசைக்காரர்களும் ஒரே ஆட்டத்தில் மூன்று நான்கு பேர் முறை வைத்து ஆடுவார்கள். குவார்ட்டர்பேக் இடம் அப்படியில்லை; கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரின் இடம் போன்றது. தோனி கீப்பராக நின்ற ஆண்டுகளில் தினேஷ் கார்த்திக் எவ்வளவு திறமையோடு வெளியே காத்திருந்தார் என்பது நமக்குத் தெரியும்.

பயிற்சியிலும் அதே கதைதான். பருவம் தொடங்கிவிட்டால், அந்த வார ஆட்டத்துக்கான ஒத்திகையில் பெரும்பங்கு முதலாமவருக்கே போகும். இரண்டாமவருக்கு மிச்சம் மீதி கிடைக்கும். அதற்கும் கீழே இருப்பவர்கள் பெரும்பாலும் அடுத்த எதிரணியின் ஆட்டத்தைத் தம் அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஆடிக் காட்டுவதிலேயே வாரத்தைக் கழிப்பார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசைப்படுத்தும் டெப்த் சார்ட்டில் ஒரு பெயர் இருக்கலாம். அந்தப் பெயருக்குரியவர் தயாராக இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. ரசிகர்களின் வாதம் பெரும்பாலும் பெயர்களை எண்ணுவதோடு நின்றுவிடுகிறது.

பள்ளியில் தொடங்கும் வேட்டை

கல்லூரிகள் பள்ளி மாணவர்களை 15, 16 வயதிலேயே கவனிக்கத் தொடங்கிவிடுகின்றன. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஆன்3 போன்ற நிறுவனங்கள் அவர்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிக்கின்றன. ஐந்து நட்சத்திரம்தான் உச்சம். மாணவர் ஒரு கல்லூரிக்கு வாய்ச்சொல்லாக ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்துப் போடும் வரை அது யாரையும் கட்டுப்படுத்தாது. 2017 முதல் டிசம்பரிலேயே கையெழுத்திட வழி திறந்திருப்பதால், பலருடைய முடிவு அப்போதே உறுதியாகிவிடுகிறது.

பொதுவாக ஓர் ஆண்டுக்கு ஒரு குவார்ட்டர்பேக் என்பதே பயிற்சியாளர்களின் கணக்கு. ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது பல காலமாக இருந்துவந்த விதி. அதனால் நான்காம் ஆண்டு மாணவர் ஆட, மூன்றாம் ஆண்டு மாணவர் அடுத்து நிற்க, புதிதாக வந்தவர் கற்றுக்கொள்ள என்று படிப்படியாக ஒரு வரிசை உருவானது.

இந்த வரிசையை நட்சத்திரங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். ஸ்டெட்சன் பென்னெட் 2017இல் ஜார்ஜியா அணியில் உதவித்தொகைகூட இல்லாமல் சேர்ந்தவர். அடுத்த ஆண்டு மிசிசிப்பியில் ஒரு ஜூனியர் கல்லூரிக்குப் போய் ஆடிவிட்டு, 2019இல் திரும்பி வந்தார். 2021, 2022 பருவங்களில் ஜார்ஜியா அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்களை வென்றபோது குவார்ட்டர்பேக் அவர்தான். அந்த அணிக்குள் அவரைவிட அதிகம் பேசப்பட்ட, அதிக நட்சத்திரம் பெற்ற இளைஞர்கள் வந்து போயிருக்கிறார்கள்.

கதவு திறந்த ஆண்டுகள்

பழைய விதிப்படி ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஃபுட்பால் வீரர் பொதுவாக ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். பட்டம் முடித்தவர்களுக்கு விலக்கு உண்டு. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவேடு வந்தது. வேறு கல்லூரி தேடும் வீரரின் பெயர் அதில் ஏறிவிட்டால், மற்றப் பயிற்சியாளர்கள் நேரடியாகப் பேசலாம். 2021 ஏப்ரலில், ஒருமுறை மாறுபவர் உட்காராமல் உடனே ஆடலாம் என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. 2024இல் அந்த ‘ஒருமுறை’ என்ற வரம்பும் போனது. படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம்.

இதோடு பணமும் வந்தது. 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரத் தொடங்கின. 2025-26 கல்வியாண்டுக்கு ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத் தரக்கூடிய உச்சவரம்பு 2.05 கோடி டாலர்.

கதவுகள் முழுதாகத் திறப்பதற்கு முன்பிருந்தே, கல்லூரி மாறுவதன் பலன் குவார்ட்டர்பேக் இடத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. நாட்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் விருதை 2017 முதல் 2023 வரை ஆறு குவார்ட்டர்பேக்குகள் வென்றார்கள். பேக்கர் மேஃபீல்ட், கைலர் மரே, ஜோ பர்ரோ, கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ் ஆகிய ஐவர் வேறு கல்லூரியில் தொடங்கி மாறி வந்தவர்கள். பிரைஸ் யங் ஒருவர்தான் சேர்ந்த இடத்திலேயே இருந்து வென்றவர். பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று ஆண்டுகள் காத்திருந்தும் முதலிடம் கிடைக்காமல், 2018இல் பட்டம் முடித்து எல்.எஸ்.யு. எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2019இல் அந்த அணி 15 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. வெளியே உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேறென்ன வேண்டும்?

வளர்ப்பதா, வாங்குவதா

இன்றைய ரசிகர்கள் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு தரப்பு, பள்ளியிலிருந்து எடுத்து நாமே வளர்க்க வேண்டும் என்கிறது. மூன்று ஆண்டுகள் ஒரே ஆட்டமுறையில் ஊறியவருக்குச் சக வீரர்களின் ஓட்டமும் பயிற்சியாளரின் எண்ணமும் பழகியிருக்கும். அவசரத்தில் அதுதான் கைகொடுக்கும். மறுதரப்பு, பள்ளிப் பையன் எப்படி வளர்வான் என்று யாராலும் சொல்ல முடியாது, கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே நிரூபித்தவரைப் போர்ட்டலிலிருந்து கொண்டுவருவதே புத்திசாலித்தனம் என்கிறது.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டிலும் ஆபத்தும் இருக்கிறது. வளர்க்கும் அணி, வளர்ந்தவரைப் பாதி வழியில் இழக்கலாம். ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் ஒரே ஒரு பருவம் ஜார்ஜியாவில் இருந்துவிட்டு ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போய் அங்கே நட்சத்திரமானார். வாங்கும் அணியோ, வந்தவர் பொருந்தாவிட்டால் பின்னால் யாரும் இல்லாமல் நிற்கும். ட்ராவிஸ் விடைபெற்ற பின் ஃபுளோரிடா ஸ்டேட் 2024இல் அனுபவம் மிக்க டி.ஜே. உயியாகலேலேயை வெளியிலிருந்து கொண்டுவந்தது. அவர் தடுமாறினார், பிறகு கையில் காயம் பட்டது. முந்தைய ஆண்டு பிளேஆஃப் தேர்வு வரை 13-0 என்று இருந்த அணி அந்த ஆண்டு 2-10 என்று சரிந்தது. அதற்குக் குவார்ட்டர்பேக் மட்டும் காரணமில்லை என்றாலும், அடுத்தவரைத் தயார் செய்யாத அணி எவ்வளவு வேகமாக விழும் என்பதை அது காட்டியது.

இரண்டு டிசம்பர்களின் வித்தியாசம்

2014இல் ஒஹாயோ ஸ்டேட்டைக் காப்பாற்றியது எது? கார்டேல் ஜோன்ஸின் வலிமையான கை ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, அவர் பயிற்சியாளர் அர்பன் மேயரின் அணியில் 2012இலிருந்து மூன்றாவது பருவமாக இருந்தார் என்பது. மேயரின் ஆட்டமுறை அவருக்குப் பாடமாகியிருந்தது. அடுத்து அலபாமாவை 42-35, இறுதியில் ஆரிகனை 42-20 என்று வென்று, மூன்றாமவரோடு அந்த அணி தேசியப் பட்டம் வென்றது. ஃபுளோரிடா ஸ்டேட்டின் க்ளெனுக்குக் கிடைத்திருந்ததோ சில மாதங்கள் மட்டுமே. அந்த நிலையிலும் அவர் அணியைத் தோற்கவிடவில்லை.

தோல்வியே காணாத அணியை ஒதுக்கியது அநியாயம் என்பதே என் உறுதியான கருத்து. முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று தேர்வுக் குழுவின் விதியில் இருந்தது உண்மைதான். ஆனால் களத்தில் வென்றதை யூகத்தால் அழிக்கக் கூடாது. தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருந்தால் இந்த அணி தன்னைவிடப் பெரியது என்று காட்டியிருக்கலாமே என்று ட்ராவிஸ் வருந்தினார். ஒதுக்கப்பட்ட பின் பல வீரர்கள் விலகினார்கள். ரோட்மேக்கர் போர்ட்டலுக்குப் போனார். ஆரஞ்சு பவுல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியா 63-3 என்று அந்த அணியை நசுக்கியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2014இல் மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியிருந்ததால், மில்லர், பாரெட், ஜோன்ஸ் மூவரும் ஒரே அணியில் இருப்பது இயல்பாக இருந்தது. இன்றைய விதியில் அப்படி மூவரைச் சேர்த்து வைப்பது மிகக் கடினம். அதே நேரம் தேவை கூடியிருக்கிறது. 2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள். அந்த ஆண்டு பட்டம் வென்ற ஒஹாயோ ஸ்டேட் மொத்தம் 16 ஆட்டங்கள் ஆடியது. ஆட்டம் கூடக் கூடக் காயமும் கூடும்.

காத்திருப்பவருக்கு என்ன தருகிறோம்?

இன்றும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஜார்ஜியாவின் கன்னர் ஸ்டாக்டன் 2022இல் சேர்ந்து, கார்சன் பெக்குக்குப் பின்னால் நின்றார். 2024 டிசம்பரில் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸின் இறுதிப் போட்டியில் பெக் முழங்கையில் அடிபட, ஸ்டாக்டன் இறங்கி, கூடுதல் நேரத்தில் டெக்சஸை 22-19 என்று வெல்ல உதவினார். அடுத்த பருவத்தில் முதலிடம் அவருடையது ஆனது. 2018 அலபாமாவில் ஜேலன் ஹர்ட்ஸ், டுவா டாகோவைலோவா, மேக் ஜோன்ஸ் மூவரும் ஒரே குவார்ட்டர்பேக் வரிசையில் இருந்தார்கள். தேசிய இறுதிப் போட்டியின் பாதியில் வெளியே உட்காரவைக்கப்பட்ட ஹர்ட்ஸ் ஓடிப்போகவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் டுவா காயம்பட்டபோது இறங்கி, ஜார்ஜியாவை 35-28 என்று வெல்ல வழிசெய்தார். அதற்கடுத்த ஆண்டுதான் ஓக்லஹோமாவுக்கு மாறினார்.

இவர்கள் நின்றதற்குக் காரணம் விதி மட்டும் இல்லை. இரண்டாமவருக்கு வெற்றி உறுதியான ஆட்டங்களில் உண்மையான நேரம் கொடுப்பது, வரிசையில் அவர் எங்கே நிற்கிறார் என்பதை மறைக்காமல் சொல்வது, பயிற்சியில் அவருக்கு நியாயமான பங்கு ஒதுக்குவது, இப்போது பணத்திலும் அவரை மறக்காமல் இருப்பது: ஒரு பயிற்சியாளர் செய்யக்கூடியவை இவைதான். வெறும் வாக்குறுதியை நம்பி எந்த இளைஞரும் இனி உட்காரப் போவதில்லை. உட்கார வேண்டும் என்று கேட்கவும் நமக்கு உரிமை இல்லை. ஐந்தே ஆண்டுக் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத்தான்.

ஆகவே, தம் அணியின் குவார்ட்டர்பேக் பலத்தை அளக்க விரும்பும் ரசிகர் நட்சத்திரங்களை எண்ணுவதை விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்கலாம். நவம்பரில் முதலாமவர் விழுந்தால் இறங்கப்போகிறவர் இதுவரை உண்மையான ஆட்டத்தில் எவ்வளவு நேரம் பந்தைக் கையில் வைத்திருக்கிறார்? அவர் இந்த ஆட்டமுறையில் எத்தனை பருவங்கள் இருந்திருக்கிறார்? அடுத்த ஆண்டும் இங்கேயே இருக்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத அணியிடம் எத்தனை பெயர்கள் இருந்தாலும் ஆழம் இல்லை. அந்தப் பதிலை உருவாக்குவது பயிற்சியாளரின் வேலை. 20 வயது இளைஞர் ஒரு பந்தைத் தவறாக எறிந்ததும் அவரைத் தூக்கியெறியச் சொல்லாமல் இருப்பது ரசிகரின் பங்கு.