ஹில் கன்ட்ரி ரோடு ட்ரிப்: தரைப்பாலத்துல தண்ணி ஓடினா வண்டியைத் திருப்புங்க

"ஆஸ்டின் வந்திருக்கோம், ஒரு வீக்கெண்ட் ஃப்ரீயா இருக்கு, எங்க போகலாம்?" எனக்கு அடிக்கடி வர்ற மெசேஜ் இது. நான் சொல்ற பதில் எப்பவும் ஒண்ணுதான்: மேற்கே ஹில் கன்ட்ரி. என்சான்டட் ராக், ஃப்ரெட்ரிக்ஸ்பர்க், பெடர்னாலஸ் ஃபால்ஸ் மூணையும் ரெண்டு நாள்ல நிதானமா பாத்துடலாம். எங்க போகலாம், எப்ப போகலாம்னு எல்லாம் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கதை.

ஒரு மே மாசம், நாங்க நாலு பேர். ஃப்ரெட்ரிக்ஸ்பர்க்ல சாப்பிட்டுட்டு பெடர்னாலஸ் ஃபால்ஸுக்குக் கிளம்பினோம். மெயின் ரோடு 290ஐ விட்டுட்டு மேப் ஒரு குறுக்கு வழி காட்டுச்சு. போனோம். ரோடு ஒரு ஓடைக்குள்ள இறங்கி அந்தப் பக்கம் ஏறுது. நம்ம ஊர் தரைப்பாலம் மாதிரியேதான். அது மேல பழுப்பு நிறத்துல தண்ணி ஓடிட்டு இருந்துச்சு. ஓரத்துல அடிக்கணக்கு எழுதின அளவுக் கம்பு. தண்ணி ஒரு அடிக்குக் கொஞ்சம் கீழ. வானத்துல ஒரு மேகம் கூட இல்ல.

பின் சீட்ல இருந்து, "மச்சி, இது எஸ்யூவி டா, போயிடலாம்." உண்மையைச் சொல்லணும்னா, நானும் போயிருப்பேன். ரோட்டோட விளிம்பு எங்க முடியுதுன்னு தெரியாததாலதான் நின்னேன். என்ன பண்றதுன்னு பேசிட்டே இருந்தோம். கால் மணி நேரத்துல தண்ணி ரெண்டு அடியைத் தாண்டிடுச்சு. யாரும் எதுவும் பேசல. வண்டியைத் திருப்பினோம்.

மழையே இல்லாம எப்படி? மழை மேல எங்கேயோ பெய்திருக்கு. இந்தப் பகுதியின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. மேலே மண் மெல்லிய படலம்தான். பெய்யும் மழை உள்ளே இறங்காமல் சரிவில் வழிந்து நேராக ஓடைக்கு வந்துவிடும். அமெரிக்காவிலேயே திடீர் வெள்ளம் அதிகம் வரும் இடங்களில் இதுவும் ஒன்று. 'ஃப்ளாஷ் ஃப்ளட் ஆலி'ன்னே இதுக்குப் பேரு. 2025 ஜூலை 4 அதிகாலையில் கெர் கவுண்ட்டியில் குவாடலூப் ஆறு பெருகி ஓடியது நியூஸில் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளத்தில் மத்திய டெக்சாஸில் 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோடை முகாமுக்கு வந்த குழந்தைகளும் அதில் உண்டு.

எஸ்யூவின்னா தப்பிச்சிடலாமா? கணக்குப் போட்டுப் பாருங்க. காரின் பக்கவாட்டில் தண்ணீர் ஒரு அடி ஏறினால், அது சுமார் 1,500 பவுண்டு விசையில் காரை மேலே தூக்கும். ரெண்டு அடின்னா 3,000 பவுண்டு. 4,000 பவுண்டு வண்டியோட டயருக்கு அப்புறம் பிடிமானம் எங்க இருக்கும்? ஓடுற தண்ணி பக்கவாட்டுல தள்ளினா போதும். 12 அங்குலத்தில் சின்ன கார் மிதந்துவிடும். 2 அடியில் பெரும்பாலான வண்டிகள் அடித்துப் போய்விடும். அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துப் போயிருக்கிறதா என்பதும் மேலேயிருந்து தெரியாது.

அதனால முதல் டிப்ஸ் இதுதான். கிளம்புறதுக்கு முன்னாடி டிரைவ்டெக்சாஸ் தளத்துல எந்த ரோடு மூடியிருக்குன்னு பாருங்க. போன்ல வெள்ள எச்சரிக்கையை ஆஃப் பண்ணாதீங்க. மழை நாள்ல குறுக்கு வழி வேண்டாம், 290லயே போங்க. தடுப்பு வச்சிருந்தா அதைச் சுத்திப் போறது இங்க சட்டப்படி குற்றம்.

சரி, இப்ப ட்ரிப்.

முதல் நாள் காலையில என்சான்டட் ராக். ஆஸ்டின்ல இருந்து கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். தரையிலிருந்து 425 அடி உயர்ந்து நிற்கும் இளஞ்சிவப்பு கிரானைட் குன்று. வீக்கெண்ட்ல இடம் நிரம்பிட்டா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. டே பாஸ் முன்கூட்டியே ஆன்லைன்ல எடுத்துடுங்க. உச்சிக்குப் போற பாதை ஒரு மைலுக்கும் குறைவுதான், ஆனா நிழலே கிடையாது. வெயில் காலத்துல பத்து மணிக்குள்ள இறங்கிடுங்க. மேலே பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கியிருக்கும். அதில் குட்டி இறால்கள் வாழும், கால் வைக்காதீர்கள். போன் சிக்னல் சரியா கிடைக்காது, மேப்பை டவுன்லோட் பண்ணிக்கோங்க.

மதியம் ஃப்ரெட்ரிக்ஸ்பர்க். 1846ல் ஜெர்மானியர்கள் குடியேறி உருவாக்கிய ஊர். பேக்கரியிலும் சாசேஜ் கடைகளிலும் அந்த வாசம் இன்னும் இருக்கு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பசிபிக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் நிமிட்ஸ் பிறந்தது இங்கேதான். அதனால்தான் கடலே இல்லாத ஊரில் பசிபிக் போருக்கு ஒரு தேசிய அருங்காட்சியகம். மே நடுவுல இருந்து ஜூலை வரைக்கும் போனீங்கன்னா ஸ்டோன்வால் பக்கம் ரோட்டோரத்துல பீச் பழம் விப்பாங்க, விட்டுடாதீங்க. மார்ச் கடைசி, ஏப்ரல்ல ப்ளூபானெட் பூக்கும். போட்டோ எடுங்க, ஆனா வேலி தாண்டாதீங்க. அது தனியார் நிலம். புல்லுக்குள்ள பாம்பும் இருக்கும்.

இருட்டுறதுக்குள்ள ரூமுக்கு வந்துடுங்க. அந்தி நேரத்துல மான் கூட்டம் கூட்டமா ரோட்டுக்கு வரும். ஒண்ணு தாண்டினா பின்னாடி இன்னொண்ணு வரும்னு வச்சுக்கோங்க. குறுக்கே வந்தா ஸ்டியரிங்கை ஒடிக்காம, நேரா பிரேக் போடுங்க.

ரெண்டாவது நாள் பெடர்னாலஸ் ஃபால்ஸ். லோக்கல்ல 'பர்டனாலிஸ்'னு சொல்வாங்க. படிப்படியா இறங்குற பாறைல தெளிவான தண்ணி. ஆனா இந்த ஆறும் அதே ஆறுதான்: தண்ணி திடீர்னு கலங்கினாலோ, ஏற ஆரம்பிச்சாலோ, பையை எடுக்கக்கூட நிக்காம மேட்டுக்கு ஏறிடுங்க.

அன்னைக்கு நாங்க சுத்திப் போனதுல முக்கால் மணி நேரம் போச்சு. பார்க்குக்குப் போனா, வெள்ளம்னு ஆத்துப் பக்கம் போற பாதையை மூடிட்டாங்க. ஃபால்ஸைப் பாக்கவே இல்ல. அந்த நாலு பேரும் அடுத்த வருஷம் திரும்பப் போய்ப் பாத்தோம். பின் சீட் நண்பன்தான் அன்னைக்கு வண்டி ஓட்டினான்.

பத்திரமா போயிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.