தனியே இருக்கும் பாட்டிக்குத் துணை

மல்காஜ்கிரி, ஐதராபாத் நகரின் ஒரு பகுதி. தமிழ்க் குடும்பங்களும் அங்கே வாழ்கின்றன. அங்கே ஒரு பாட்டி தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 72. மகன் வெளியூரில் வேலை செய்கிறார்.

"எங்ககூட வந்துடும்மா" என்று மகன் அழைக்கிறார்.

"இது என் வீடு. கைகால் நல்லா இருக்கிறவரை இங்கேயே இருக்கேன்பா" என்கிறார் பாட்டி.

பாட்டியின் ஆசை நியாயமானது. மகனின் பயமும் நியாயமானது. இரவில் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும்? எழ முடியாமல் போகலாம். கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. விடியும் வரை ஈரத் தரையில் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தால் உடல் குளிர்ந்துபோகும். உடலில் நீர் குறையும். தசைகள் நசுங்கிச் சிறுநீரகமும் கெடலாம். அதனால் உதவி சீக்கிரம் வர வேண்டும்.

கடிகாரம் எப்படி அறியும்?

விழுந்ததை அறிந்து சொல்லும் கைக்கடிகாரங்கள் இப்போது கிடைக்கின்றன. 2018இல் ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்தில் இந்த வசதி வந்தது. பிறகு வேறு நிறுவனங்களும் கொண்டுவந்தன.

கடிகாரத்துக்குள் ஒரு சிறு கருவி உண்டு. அது கையின் அசைவை அளந்துகொண்டே இருக்கும். விழும்போது கை வேகமாகக் கீழே போகும். தரையில் மோதும். பிறகு அசைவு நின்றுவிடும். உடனே கடிகாரம் ஒலி எழுப்பும். பாட்டி நலமாக இருந்தால் அதை நிறுத்திவிடலாம். நிறுத்தாவிட்டால், சிறிது நேரத்தில் அதுவே உதவிக்கு அழைக்கும். மகனுக்கும் செய்தி போகும்.

கழுத்தில் தொங்கும் பொத்தானும் உண்டு. ஆபத்தில் அதை அழுத்தினால் போதும்.

எங்கே தவறும்?

எல்லாக் கடிகாரத்திலும் இந்த வசதி இல்லை. கேட்டு வாங்க வேண்டும். பல கடிகாரங்கள் செல்பேசி அருகில் இருந்தால்தான் அழைக்கும். நாற்காலியிலிருந்து மெதுவாகச் சரிந்து விழுந்தால், கடிகாரம் அறியாமல் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. பலர் குளிக்கப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி வைப்பார்கள். இரவில் சார்ஜ் போடுவார்கள். வழுக்கி விழுவது அந்த நேரத்தில்தானே! நீர் புகாத கடிகாரம் வாங்குங்கள். பகலில் உட்கார்ந்திருக்கும்போது சார்ஜ் போடுங்கள்.

யார் வருவார்?

கருவி செய்தி சொல்லும். கைகொடுத்துத் தூக்காது. மகன் வெளியூரில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் வர முடியும். கதவு உள்ளே தாழிட்டிருந்தால் அவர் என்ன செய்வார்? வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு நல்லது. ஒரு சாவியை அவரிடம் கொடுத்து வையுங்கள்.

108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில்தான் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டிலும் வேறு பல மாநிலங்களிலும் இருக்கிறது.

முதியோருக்கு உதவும் எண் 14567. இந்த முயற்சியும் 2017இல் ஐதராபாத்தில் தொடங்கியது. 2021 அக்டோபர் 1 முதல் நாடு முழுவதற்கும் வந்தது. அழைக்கக் கட்டணம் இல்லை. ஓய்வூதியம், சட்ட உதவி பற்றிக் கேட்கலாம். வீட்டில் கொடுமை நடந்தாலும் சொல்லலாம். ஆனால் அடிபட்டால் அழைக்க வேண்டியது 108.

பணம் இல்லாவிட்டால்?

கடிகாரம் வாங்க முடியாதவர்களும் சில வேலைகளைச் செய்யலாம். குளியலறைச் சுவரில் கைப்பிடி வையுங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். தரையை ஈரமில்லாமல் வையுங்கள். காலையும் மாலையும் ஒருவர் பாட்டிக்குப் போன் செய்யட்டும். அவர் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள்.

எதைச் செய்தாலும் முதலில் பாட்டியிடம் கேளுங்கள். அவருக்குப் பிடிக்காத கடிகாரம் பெட்டியில்தான் கிடக்கும்.

இன்றே ஒரு தாளை எடுங்கள். 108, 14567, மகன் எண், பக்கத்து வீட்டு எண் ஆகியவற்றைப் பெரிதாக எழுதுங்கள். பாட்டியின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள்.