வீட்டில் செய்த பார்பிக்யூ சாஸும் சேர்ந்து உண்ணும் பழக்கமும்

விடுமுறை நாள் இரவு என்றாலே பல வீடுகளில் கிரில் சிக்கன் பார்சல் என்றாகிவிட்டது. பார்சல் வந்ததும் ஆளுக்கொரு பங்கு, ஆளுக்கொரு மூலை, கையில் கைப்பேசி. பிள்ளைகளைக் கண்டிப்பதால் இது மாறாது. அவர்கள் விரும்பும் அந்த உணவையே வீட்டில் சேர்ந்து செய்து, சேர்ந்து உண்ணலாம் என்பதே நம் யோசனை.

பார்பிக்யூ, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வளர்ந்த சமையல் முறை. இறைச்சியை மெல்லிய கனலிலும் புகையிலும் பல மணி நேரம் வேகவைப்பார்கள். அதற்கான சாஸ் ஊருக்கு ஊர் மாறும். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகரும் மிளகாயும், தென் கரோலினாவில் கடுகும், கன்சாஸ் சிட்டியில் தக்காளியும் இனிப்பும் முதன்மை. நம் வீடுகளில் பிரியாணி மசாலாவின் அளவு உம்மாவிடமிருந்து மகளுக்கு வருவதுபோல, அங்கே பல குடும்பங்களில் சாஸின் அளவு கைமாறி வருகிறது.

கடையில் பாட்டில் வாங்குவோர் அதில் ஒட்டியிருக்கும் விவரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். சில வெளிநாட்டுச் சாஸ்களில் போர்பன் என்னும் மது சேர்க்கிறார்கள். பலவற்றில் சர்க்கரையும் உப்பும் மிக அதிகம். வீட்டில் செய்தால் என்ன சேர்கிறது என்பது நமக்கே தெரியும்.

செய்முறை இதுதான். ஒரு கரண்டி எண்ணெயில் நறுக்கிய பெரிய வெங்காயம் 1, பூண்டு 6 பல் வதக்கவும். பழுத்த தக்காளி அரைக் கிலோ சேர்த்துக் குழைய வேகவிட்டு, ஆறியதும் அரைத்து வடிகட்டவும். வெல்லம் 75 கிராம், வினிகர் 4 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, தேவையான உப்பு சேர்த்துச் சிறு தீயில் 20 நிமிடம் கெட்டியாகும்வரை கிளறவும். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்திற்குள் பயன்படுத்திவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. இனிப்பு சீக்கிரம் கருகும். ஆகவே கோழி முக்கால் பதம் வெந்த பிறகே சாஸைத் தடவவும். தடவுவதற்குத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளவும். வேகாத இறைச்சியில் பட்ட சாஸைத் தொட்டுக்கொள்ளத் தரக்கூடாது. கரி அடுப்பை மொட்டை மாடியிலோ முற்றத்திலோ மட்டும் மூட்டவும். மூடிய அறையில் கரிப்புகை உயிருக்கே ஆபத்து.

பூண்டு உரிப்பது சின்னவர்கள், கிளறுவது பெரிய பிள்ளைகள், கனல் பார்ப்பது வாப்பா என்று வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். முழுச் சுமையும் உம்மாவின் தலையில் விழுந்தால் இந்தப் பழக்கம் ஒரு மாதம்கூட நிலைக்காது.

எவ்வளவு உண்டும் வயிறு நிறையவில்லை என்று முறையிட்ட தோழர்களுக்கு, பிரிந்து உண்ணாமல் ஒன்றுகூடி அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுங்கள், அதில் பரக்கத் உண்டாகும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கமும் அந்த அடிப்படையில் வந்ததே. விருந்து நாளில் மட்டும் விரிக்கும் அந்த விரிப்பை வாரத்தில் ஒரு நாள் வீட்டிலும் விரிப்போம். வெளிநாட்டில் வேலைக்குப் போயிருப்பவர் விடுமுறையில் வரும்போது, அவர் உட்கார அங்கே ஓர் இடம் இருக்கும். கைப்பேசிகள் அதுவரை அலமாரியில் இருக்கட்டும்.