ஒரு பழைய டீ-சர்ட் ரூ.13 லட்சமா? பீரோ அடியில் கிடப்பதற்கு ஏன் இவ்வளவு மவுசு?

2021 அக்டோபர் மாதம். உலகப் புகழ்பெற்ற சதபீஸ் ஏல நிறுவனத்தில் ஒரு டீ-சர்ட் ஏலத்துக்கு வந்தது. தங்க நூலில் நெய்ததும் இல்லை, வைரம் பதித்ததும் இல்லை. 1967-ல் அமெரிக்காவின் 'கிரேட்ஃபுல் டெட்' ராக் இசைக்குழுவின் பெயரில் அச்சடித்த சாதாரண டீ-சர்ட்தான். ஏலம் போன விலை 17,640 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 13 லட்சம் ரூபாய்!

நம்ம வீடா இருந்தா இந்நேரம் அது வண்டி துடைக்கிற துணியாகியிருக்கும் என்கிறீர்களா? அமெரிக்காவிலும் பெரும்பாலான வீடுகளில் அதுதான் நடந்தது. இவ்வளவு விலைக்குக் காரணமே அதுதான். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

உள்ளாடை, டீ-சர்ட் ஆனது எப்படி?

டீ-சர்ட் பிறந்ததே உள்ளாடையாகத்தான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் சீருடைக்குள் அணிந்தது அது. நம்ம ஊர் பனியன் மாதிரி. இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்து போலத் தெரியும். பெயருக்கும் அதுவே காரணம் என்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்கள் இதை வெளியிலும் போட ஆரம்பித்தார்கள். 1951-ல் வெளியான 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' படத்தில் மார்லன் பிராண்டோ உடலை ஒட்டிய டீ-சர்ட்டில் வந்தார். உள்ளாடை அப்படியே ஃபேஷன் ஆனது.

அதற்கு முன்பே அரசியலும் டீ-சர்ட்டில் ஏறிவிட்டது. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் தாமஸ் டியூயிக்கு ஓட்டுக் கேட்டு அச்சடித்த டீ-சர்ட், இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டியூயி அந்தத் தேர்தலில் தோற்றுப்போனார். டீ-சர்ட் மட்டும் நிலைத்துவிட்டது.

கச்சேரி டீ-சர்ட்டில் என்ன ஸ்பெஷல்?

1970-களில் ராக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி நடத்தின. அரங்க வாசலிலேயே டீ-சர்ட் விற்பது தனித் தொழிலாக வளர்ந்தது. முன்பக்கம் குழுவின் படம், பின்பக்கம் எந்த ஊரில் எந்தத் தேதியில் கச்சேரி என்ற பட்டியல். வாங்கியவருக்கு அது வெறும் துணி இல்லை, "அந்த ராத்திரி நான் அங்கே இருந்தேன்" என்பதற்கான சாட்சி.

ஆனால் யாரும் அதைப் பொத்திப் பொத்தி வைக்கவில்லை. போட்டார்கள், துவைத்தார்கள், சாயம் போனதும் தூக்கிப் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் அச்சடித்ததில் கையளவே மிஞ்சியது. அருமை தெரிந்து எல்லோரும் சேர்த்து வைத்திருந்தால் இன்று அதற்கு விலையே இருந்திருக்காது.

செய்தவர்களுக்கே அதன் மதிப்பு தெரியாது என்பதற்கு ஒரு உதாரணம். 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் நாக்கு நீட்டிய லோகோவை 1970-ல் வரைந்தவர் ஜான் பாஷ். லண்டனில் ஓவியக் கல்லூரி மாணவர். கிடைத்த கூலி 50 பவுண்டு. அதே மூல ஓவியத்தை 2008-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 92,500 டாலர் கொடுத்து வாங்கியது.

'நாஸ்டால்ஜியா' ஒரு நோயின் பெயரா?

ஆமாம். 1688-ல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் உருவாக்கிய சொல் அது. கிரேக்கத்தில் 'நோஸ்டோஸ்' என்றால் வீடு திரும்புதல், 'அல்கோஸ்' என்றால் வலி. சொந்த ஊரைப் பிரிந்த ஏக்கத்தில் உடல் நலிந்துபோவதைத்தான் அவர் நோயாக எழுதினார்.

இன்று அந்தச் சொல்லின் பொருள் மாறிவிட்டது. இப்போது ஏக்கம் ஊருக்காக இல்லை, காலத்துக்காக. ஊருக்கு பஸ் பிடித்துப் போய்விடலாம். 1992-க்கு பஸ் கிடையாதே! அதனால்தான் அந்தக் காலத்தைத் தொட்ட ஒரு பொருளாவது கையில் இருக்கட்டும் என்று மனசு தேடுகிறது. அன்று பாக்கெட் மணிக்கு ஏங்கிய பிள்ளைகள் இன்று சம்பாதிக்கிறார்கள். சந்தை சூடாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிட்டாய் உறைக்கும் ஒரு மியூசியம்

டீ-சர்ட் மட்டும் இல்லை. டிக்கெட், லேபிள், நோட்டீஸ் என ஒரு நாள் உபயோகத்துக்காகவே செய்த பொருட்களை ஆங்கிலத்தில் 'எஃபெமெரா' என்பார்கள். 'ஒரு நாளே வாழ்வது' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

1963-ல் ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் ரயில் நிலையத்தில் மிட்டாய் வாங்கினான் 16 வயது ராபர்ட் ஓபி. உறையைத் தூக்கிப் போடப் போனவன், 'இதை யாருமே எடுத்து வைக்க மாட்டார்களே' என்று யோசித்து வைத்துக்கொண்டான். அங்கே தொடங்கிய சேகரிப்புதான் இன்று லண்டனில் 'மியூசியம் ஆஃப் பிராண்ட்ஸ்' ஆக நிற்கிறது.

நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா. பழைய நூல்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், துண்டறிக்கை என எல்லாவற்றையும் சேர்த்தார். சென்னையில் 1994-ல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம் அந்தச் சேகரிப்புதான்.

ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? கண்டுபிடிப்பது எப்படி?

• தையல்: அடி ஓரத்தையும் கை ஓரத்தையும் பாருங்கள். 1990-களின் நடுப்பகுதி வரை அமெரிக்க டீ-சர்ட்களில் ஒற்றைத் தையல்தான் அதிகம். பிறகு இரட்டைத் தையல் வந்தது.

• லேபிள்: 'ஸ்கிரீன் ஸ்டார்ஸ்' போன்ற பழைய பெயர்கள், 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்ற வரி ஆகியவை நல்ல அறிகுறி. 'ஆர்.என்.' எண் எந்த நிறுவனம் என்பதைத்தான் சொல்லும், எந்த வருஷம் என்று சொல்லாது.

• காப்புரிமை ஆண்டு: படத்துக்குக் கீழே 1979 என்று இருந்தால் அது படத்தின் வயது. டீ-சர்ட் போன வாரம் அச்சடித்ததாகக்கூட இருக்கலாம்.

• அச்சு: பழைய மையில் துவைக்கத் துவைக்க மெல்லிய விரிசல் விழும்.

ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒற்றைத் தையலையும் விரிசலையும் இப்போது போலியிலும் செய்துவிடுகிறார்கள்.

புதுசை ஏன் பழசாக்குகிறார்கள்?

எல்லோராலும் லட்சம் கொடுக்க முடியாது. அதனால் பார்க்கப் பழசு போலத் தெரியும் புது டீ-சர்ட்களுக்கு உலகம் முழுக்க கிராக்கி. உலகத்துக்கு டீ-சர்ட் அனுப்பும் திருப்பூருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு.

வெயிலும் சோப்பும் பல வருஷத்தில் செய்ததை ஒரே நாளில் செய்ய என்சைம், பிளீச் என விதவிதமான வாஷ் முறைகள் தேவை. அதற்குத் தண்ணீரும் ரசாயனமும் வேண்டும். ஒரு காட்டன் டீ-சர்ட்டுக்கு, பருத்தி விளைவதிலிருந்து கணக்கிட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறது உலக வனவிலங்கு நிதியம். நொய்யல் ஆற்று மாசு காரணமாக 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதை மறந்துவிட முடியாது. காலம் சும்மா தரும் நிறத்தை அவசரமாக வாங்கினால் அதன் விலையை ஆறு கொடுக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் இருக்கும் எல்லாப் பழைய துணியும் லட்சத்துக்குப் போகாது, உண்மை. ஆனால் பாத்திரக்காரரிடம் போடும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். கல்லூரி கல்ச்சுரல்ஸ், முதல் கம்பெனி, அப்பாவின் ரசிகர் மன்றம் என்று ஏதாவது இருக்கிறதா?

இருந்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள். நிழலில் காயவைத்து, ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வையுங்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் யாருடையது, எந்த வருஷம், எங்கே போட்டது என்று எழுதி வையுங்கள். அந்தச் சீட்டு இல்லையென்றால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பழைய துணிதான்.