ரியாத் சாலையில் 47 பெண்கள்

ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியாளராக இருந்தவன் என்பதால், ரயில் பற்றிய செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் படித்துவிடுவேன். 2022 பிப்ரவரியில் சவூதி அரேபியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. மெக்கா - மதீனா அதிவேக ரயிலுக்குப் பெண் ஓட்டுநர்கள் தேவை என்று விளம்பரம் செய்தார்கள். இடங்கள் 30, வந்த விண்ணப்பங்களோ சுமார் 28,000! பயிற்சி முடித்த பெண்கள் இன்று மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் அந்த ரயிலை ஓட்டுகிறார்கள்.

இதே நாட்டில் 2018 ஜூன் 24 வரை ஒரு பெண் சாதாரணக் காரைக்கூட ஓட்ட முடியாது. அலுவலகமோ, ஆஸ்பத்திரியோ, கணவர் அல்லது மகன் வரவேண்டும். இல்லையேல் சம்பளத்துக்கு டிரைவர் வைக்கவேண்டும். 'ஹவுஸ் டிரைவர்' விசாவில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே போனது இதனால்தான்.

இது மார்க்கத்தின் கட்டளையா? பாகிஸ்தானிலும் இந்தோனேசியாவிலும் ஈரானிலும் முஸ்லிம் பெண்கள் கார் ஓட்டிக்கொண்டுதானே இருந்தார்கள்! சவூதியில் இருந்தது வழக்கம். அதைச் சட்டம் போலக் காத்தது அரசு.

1990 நவம்பர் 6 அன்று ரியாத் நகரில் 47 பெண்கள், டிரைவர்களை இறக்கிவிட்டு 14 கார்களில் தாங்களே ஓட்டிச் சென்றார்கள். போலீஸ் பிடித்தது. பாஸ்போர்ட் பறிபோயிற்று. அரசு வேலையில் இருந்தவர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அதுவரை வழக்கமாக இருந்த தடையை உள்துறை அமைச்சகம் உத்தரவாகவே அறிவித்தது. 2011-ல் மனால் அல் ஷரீப் என்ற பெண் கார் ஓட்டி, அதைப் படம் பிடித்து வெளியிட்டதற்காக ஒன்பது நாள் சிறையில் இருந்தார்.

கடைசியில் 2017 செப்டம்பரில் மன்னர் ஆணை வந்தது. ஆனால் தடை நீங்கச் சில வாரங்களே இருந்தபோது, 2018 மே மாதம், அந்த உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் முதலிய பெண்களைக் கைது செய்தார்கள். லுஜைன் வெளியே வந்தது 2021 பிப்ரவரியில். சாலை திறந்த நாளில், அதைத் திறக்கச் சொன்னவர் சிறையில்!

ஏன் இப்படி? உரிமை என்பது கேட்டுப் பெறுவதல்ல, அரசர் மனமுவந்து தருவது என்று காட்டவேண்டியிருந்தது. ஆனால் மனமுவந்து தந்ததை மனம் மாறினால் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாமே!

மாற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். 2019 முதல் 21 வயது நிரம்பிய பெண் யார் அனுமதியும் இன்றிப் பாஸ்போர்ட் பெறலாம், வெளிநாடு போகலாம். ஆனால் திருமணத்துக்கு மட்டும் ஆண் பாதுகாவலர் வேண்டும் என்று 2022-ல் வந்த குடும்பச் சட்டமும் சொல்கிறது. 300 கி.மீ. வேகத்தில் ரயில் ஓட்டும் பெண், தன் கல்யாணத்துக்குத் தானே கையெழுத்திட முடியாது.

அந்த 28,000 விண்ணப்பங்களைப் பார்த்து வியக்கிறோம். அவற்றுக்கு வழி திறந்தவர்கள் அந்த 47 பேர். அவர்களையும் நினைவில் வைப்போம்.